தாத்தாவின் தடியும் வீராம்பட்டினத்தார் பந்தும்

யாழினி, பரத், முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வந்திருந்தபோது உங்கள் அம்மா என்னைக் காட்டி, "இவர் பக்கத்துல இரும்புச் சாமான் எதுவும் வெக்காதீங்க, வம்பு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எதற்கென்று தெரியாமலே சிரித்தீர்கள். அது தப்பு. பெற்ற அப்பனைப் பார்த்துச் சிரிப்பதென்றால் முழு விவரமும் தெரிந்துகொண்டு சிரிக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. தவளக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் எலக்ட்ரீஷியன் படித்தேன். அப்புறம் இன்றுவரை டவுனில் ஒரு ஓட்டலில் ஏ.சி.யும் கீசரும் பார்த்துக்கொள்கிற வேலை. இதோடு நின்றிருந்தால் நான் நல்ல மனிதன். ஆனால் ஓட்டலில் கெட்டுப்போய்த் தூக்கிப் போடுகிற சாமான்களையெல்லாம் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அவற்றை வைத்து இந்த உலகத்துக்கு ஏதாவது நல்லது செய்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. (உலகம் கேட்கவில்லை. அதை நான் பொருட்படுத்தவில்லை.)

கல்யாணமான புதிதில் உங்கள் அம்மாவுக்காக, கை தட்டினால் எரிகிற விளக்கு ஒன்று செய்தேன். அது கை தட்டினால் எரியவில்லை. குக்கர் விசில் அடித்தால் எரிந்தது. எங்கள் குக்கர் என்றில்லை, எதிர்வீட்டு குக்கருக்கும் எரிந்தது. ஒரு விசிலுக்கு எரியும், அடுத்த விசிலுக்கு அணையும். எதிர்வீட்டில் பருப்பு வெந்துவிட்டதா என்பதை நாங்கள் படுக்கையறையில் படுத்தபடியே சொல்ல முடிந்தது. அடுத்து, கிட்டே போனால் தானாகத் திறக்கிற குப்பைக்கூடை செய்தேன். அது பூனைக்குத் திறந்தது. குப்பை கொண்டுபோனவர்களுக்குத் திறக்கவில்லை. அம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் குப்பையைப் பூனையிடமே கொடுத்து அனுப்பிவிடலாம் என்றாள்.

இவ்வளவு அனுபவம் போதாதென்று உங்கள் தாத்தா விஷயத்தில் கை வைத்தேன்.

தாத்தா, அதாவது என் மாமனார், பெத்தாங்க் ஆடுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆட்டம் என்னவென்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர்கள் போகும்போது தெருப் பெயர்களையும் போலீஸ்காரர்களின் சிவப்புத் தொப்பியையும் இந்த ஆட்டத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். மரத்தாலான ஒரு சின்ன உருண்டையை முதலில் வீசுவார்கள். அதற்கு பிரெஞ்சில் பன்றிக்குட்டி என்று பெயராம். நம் ஆட்கள் பன்றியை விட்டுவிட்டு 'குட்டி' என்பார்கள். பிறகு ஆளாளுக்கு இரும்புப் பந்துகளை வீசுவார்கள். யார் பந்து குட்டிக்குக் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் பாயிண்ட். முதலில் பதின்மூன்று எடுத்தவர் ஜெயித்தவர். அவ்வளவுதான். இதற்காகப் பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் வெயிலில் மணிக்கணக்காக நிற்பார்கள்.

மாமா கவர்மெண்டில் ரோடு அளக்கிற வேலை பார்த்து ரிடையரானவர். மைதானத்தில் எந்தப் பந்து கிட்டே என்று தகராறு வந்தால் எதிர் டீம்காரர்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, அளந்து, ஒரு விரலை நீட்டி "இது" என்பார். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். ரொம்ப வருஷமாக அப்படித்தான். சொத்து என்று பார்த்தால் மாமாவுக்கு முத்தியால்பேட்டையில் ஓர் ஓட்டு வீடும், இந்த "இது"வும்தான். நான் கை வைத்தது வீட்டின் மேல் இல்லை.

அந்த வருஷம் மாமாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. குனியவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குனியாமல் பந்தை எடுப்பதற்கு மைதானத்தில் ஒரு வழி உண்டு. கயிற்றின் நுனியில் ஒரு காந்தத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். தொங்கவிட்டால் பந்து ஒட்டும். இழுத்தால் மேலே வரும். பேட்டரி வேண்டாம், ஸ்விட்ச் வேண்டாம், கெட்டுப்போக அதில் ஒன்றும் கிடையாது. மாமாவும் அப்படி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். நிம்மதியாக ஆடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த எனக்கு மனசு தாங்கவில்லை. இத்தனை பெரிய மனிதர், கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதா? ஐ.டி.ஐ. படித்த மாப்பிள்ளை ஒருவன் வீட்டில் எதற்கு இருக்கிறான்?

இருபது நாள் உட்கார்ந்தேன். ஓட்டல் திரைச்சீலை மாட்டுகிற அலுமினியக் குழாய் ஒன்றை எடுத்துத் தடியாக்கினேன். செத்துப்போன மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்பார்மரைப் பிரித்து, அந்த இரும்பில் புதுக் கம்பி சுற்றி, டம்ளர் அளவுக்கு ஒரு மின்காந்தம் செய்து தடியின் அடியில் பொருத்தினேன். குழாய்க்குள் பழைய லேப்டாப் பேட்டரிகள். அடியில் ஒரு ஸ்பிரிங் ஸ்விட்ச். தடியைப் பந்தின் மேல் வைத்து லேசாக அழுத்தினால் காந்தத்துக்குக் கரண்ட் போகும், பந்து ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியில் ஒரு பச்சை பட்டன். அதை அமுக்கினால்தான் விடும். இத்தோடு விட்டேனா? அடியைச் சுற்றிச் சிவப்பு விளக்கு வைத்தேன். காலிங் பெல்லில் குருவி கத்துமே, அந்தச் சில்லையும் கழற்றி உள்ளே வைத்தேன். காந்தம் வேலை செய்தால் குருவி கத்தும்.

இப்போது ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். அடியில் அழுத்தினால் காந்தம் வேலை செய்யும். தடி என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் மனிதன் அதை எங்கே அழுத்துவான்? தரையில். பரத், நீ நாலாவது படிக்கிறாய், உனக்கே தெரிகிறது. இடுப்பு வலிக்காரர் ஒருவர் தடியை ஊன்றக்கூடும் என்பது இருபது நாளில் ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தடியை நீட்டிப் பந்தை எடுத்தார். குருவி கத்தியது. பச்சை பட்டனை அமுக்கினார். பந்து விழுந்தது, தரையில் ஒரு டைல்ஸ் உடைந்தது. (அதை நான் அப்போது வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.)

"நல்லாதான் இருக்குது மாப்ள" என்றார் மாமா. "குருவி மட்டும் வேணாம். எதிராளி வீசும்போது கத்திச்சின்னா தப்பாப் பூடும்."

உடனே குருவியின் கம்பியை வெட்டி எறிந்தேன். அது மட்டும் இருந்திருந்தால், மாமா ஊன்றிய அந்த நொடியே கத்தியிருக்கும். நான் செய்த கருவிகளிலேயே உருப்படியான ஒரே பாகம் அந்தக் குருவிதான்.

உங்கள் அம்மா மட்டும் தடியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கயிறு நல்லாதானே இருந்துச்சி" என்றாள். அவளுக்குத் தொழில்நுட்பம் புரியவில்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷப் போட்டியின் ஃபைனலுக்கு மாமா வந்துவிட்டார். கூட ஆடியவர் மிஸ்யே அந்துவான் ('மிஸ்யே' என்றால் பிரெஞ்சில் ஐயா). பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். இந்த ஊரில் அப்படி வந்தவர்களை 'சொல்தா' என்பார்கள். தமிழில் திட்டுவார், பிரெஞ்சில் பாராட்டுவார். எதிரில் வீராம்பட்டினத்து ஏழுமலையும் அவர் மச்சானும். ஏழுமலை போட் வைத்திருப்பவர். கை ஒவ்வொன்றும் துடுப்பு மாதிரி இருக்கும்.

நானும் அம்மாவும் கைக்குழந்தையாக இருந்த யாழினியைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மாமா அந்தத் தடியால் பந்துகளை ஒன்று ஒன்றாக எடுத்தார். சனங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தடியைப் பார்த்தார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. பக்கத்தில் தொப்பி போட்ட ஒருவர், முன்பின் தெரியாதவர், உட்கார்ந்திருந்தார். அவர் கேட்காமலே, "நான்தான் செஞ்சேன்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, எப்படிச் செய்தேன் என்றும் சொன்னேன். அவர் எழுந்து டீ குடிக்கப் போனபோது கூடவே போய் மிச்சத்தையும் சொன்னேன்.

அதுவரை மாமா தடியை ஊன்றவே இல்லை. பந்து எடுக்கிற நேரம் தவிர கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் நடந்தார். ஆனால் ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஆயிற்று. கடைசிச் சுற்று. எல்லாப் பந்தும் வீசியாயிற்று. குட்டிக்கு அந்தப் பக்கம் மாமாவின் பந்து, இந்தப் பக்கம் ஏழுமலையின் பந்து. எது கிட்டே என்று கண்ணால் சொல்ல முடியவில்லை.

வேறு எந்த ஆட்டமாக இருந்தாலும் அளக்க மாமாவைக் கூப்பிட்டிருப்பார்கள். அன்றைக்கு அவரே ஆடுகிறவர். அதனால் கிளப்பின் அம்பயர் டேப்போடு வந்தார். எங்கள் மைதானத்து வழக்கப்படி முதலில் ஓர் ஆணியால் குட்டியைச் சுற்றியும் இரண்டு பந்தைச் சுற்றியும் மண்ணில் கோடு கீறினார். பிறகு குனிந்தார். மாமா அளவைப் பார்க்கக் கிட்டே வந்தார். மூன்று மணி நேரம் நின்ற இடுப்பு. வலி தாங்கவில்லை போலிருக்கிறது. தடியை, ஏழுமலையின் பந்துக்கு ஒரு விரல் தள்ளி, நன்றாக ஊன்றினார்.

'டக்' என்று ஒரு சத்தம்.

பந்து உருண்டு வந்து தடியின் காலில் ஒட்டிக்கொண்டது. மாமா பதறித் தடியைத் தூக்கினார். பந்தும் கூடவே வந்தது. பச்சை பட்டனை அமுக்கினார். அது வேலை செய்யவில்லை. (மூன்று மணி நேர வியர்வையில் பட்டனின் கம்பி விட்டுப்போயிருந்தது. பிறகு பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், யாருக்கும் பயனில்லாமல்.) உதறினார். விழவில்லை. சிவப்பு விளக்கு ஜகஜோதியாக எரிய, நம் கடற்கரை மண்ணில் இருக்கிற இரும்புப் பொடி முழுவதும் காந்தத்தில் ஒட்டிக் கறுப்பாகத் தாடி முளைத்திருக்க, எதிராளியின் பந்தைத் தடியில் தொங்கவிட்டுக்கொண்டு, அந்த ஊரிலேயே அளவுக்குப் பேர் போன மனிதர் மைதானத்தின் நடுவில் நின்றார்.

மிஸ்யே அந்துவான் தமிழில் திட்டினார். அது போதாமல், முதல் தடவையாகப் பிரெஞ்சிலும் திட்டினார்.

தொப்பிக்காரர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே செஞ்சேன்னு சொன்னீங்க?"

"இல்லீங்க" என்றேன். "அது வேற தடி."

பின்வரிசையில் யாரோ, "காந்தம் வெச்சி ஆடுறாருப்பா" என்றார்கள். இன்னொரு குரல், "இத்தினி வருசமா இப்படித்தான் அளந்துக்கினு இருந்தாரா?" என்றது. கேட்டவர் சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் மைதானம் முழுவதும் கேட்டது. மாமாவுக்கும் கேட்டது. அவர் முகத்தை அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

அம்பயர் நல்ல மனிதர். கோடுதான் கீறியிருக்கிறதே, பந்தை எடுத்து அதே இடத்தில் வைத்து அளந்துவிடலாம் என்றார். ஏழுமலையும் தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும்.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "அளக்கும்போது பந்த அசச்சவனுக்கு பாயிண்டு கெடையாது. இத்தினி நாளா ஊருக்கெல்லாம் நான்தானே சொல்லிக்கினு இருக்கேன். எனக்கு மட்டும் வேற சட்டமா?" என்றார்.

ஆக, பாயிண்ட் ஏழுமலைக்கு. பதின்மூன்று. கோப்பையும் அவர்களுக்கு. ஆனால் சனங்கள் கலையவில்லை. அவர்களுக்குக் கோப்பை முக்கியமில்லை, தடிதான் முக்கியம். யார் செய்து கொடுத்தது என்று அம்பயர் மெதுவாகக் கேட்டார்.

"என் தடி" என்றார் மாமா. "நான்தான் கொண்டாந்தேன்."

என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உங்கள் அம்மா பார்த்தாள். யாழினியை என் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "ஏங்க, இப்ப எழுந்து போறீங்களா, நான் போயி சொல்லட்டுமா?" என்றாள்.

எழுந்து போனேன். போய், நான்தான் செய்தேன், மாமாவுக்கு ஒன்றும் தெரியாது என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் நான் ஐ.டி.ஐ. இருநூறு பேர் என்னையே பார்க்கிறார்கள். விளக்கம் சொல்லாமல் எப்படி வருவது? மின்காந்தம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். இது பந்தைத் திருடுவதற்கான கருவி இல்லை என்று நிரூபிப்பதற்காகச் செய்முறையும் காட்டினேன். ஒட்டியிருந்த பந்தை மிஸ்யே அந்துவான் இரண்டு கையாலும் பிய்த்து எடுத்துக் கொடுத்தார். தடியைத் தரையில் ஊன்றினால் என்ன ஆகிறது என்று காட்டினேன். ஒரு பந்து ஓடி வந்து ஒட்டியது. இரண்டாவது பந்தை இன்னொரு பக்கம் வைத்தேன், அதுவும் ஒட்டியது. "பாத்தீங்களா, தெரியாமதான் ஒட்டுது" என்றேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

இருநூறு பேருக்கும் இப்போது சந்தேகமே இல்லை. இதைவிட நல்ல திருட்டுக் கருவி உலகத்தில் இருக்க முடியாது என்று நானே நிரூபித்துவிட்டேன். ஏழுமலையின் மச்சான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்து, என் காதோடு, "எனக்கு ஒண்ணு செஞ்சி தருவியா?" என்று கேட்டார்.

காப்பாற்றியது ஏழுமலைதான். என் கையிலிருந்து தடியை வாங்கி, திருப்பி, அந்தத் தாடியையும் சிவப்பு விளக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"யோவ், திருடப் போறவன் எவனாவது லைட்டப் போட்டுக்கினு போவானா? அண்ணன் திருடணும்னு நெனச்சிருந்தா டேப்புலயே திருடியிருப்பாரு. இது திருட்டுப் புத்தியில செஞ்சதில்ல." என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். "புத்தியே இல்லாம செஞ்சது."

மைதானம் சிரித்தது. முதலில் மச்சான், பிறகு பின்வரிசை, பிறகு அம்பயர். மாமாவும் சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் அப்போது மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒன்று சொல்கிறேன். என் வாழ்நாளில் என்னைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தைகளில் முதல் இடம் அதற்குத்தான். நான் முட்டாள் என்பது ஊர் அறிய உறுதியான அந்த நிமிஷத்தில்தான் மாமா யோக்கியர் என்பதும் உறுதியாயிற்று.

அன்றைக்கு ஸ்கூட்டரில் மாமாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அஜந்தா சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து, "லைட்டு நல்லாருந்துச்சி மாப்ள" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

அடுத்த வாரமே மைதானத்தில் வேறு இரண்டு டீமுக்குள் தகராறு வந்தது. யாரைக் கூப்பிடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாமாவைப் பார்த்து, "அண்ணே, டேப்ப எடுத்துக்கினு வாங்க. தடிய வீட்லயே உட்டுட்டு வந்தீங்கதானே?" என்றாராம். மாமா போய் அளந்து, "இது" என்றாராம். யாரும் பேசவில்லையாம். இதை மாமாவே வந்து என்னிடம் சொன்னார். ஏன் மெனக்கெட்டுச் சொன்னார் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் எனக்கு விடுதலை கிடைக்கவில்லை. இன்றைக்கும் அந்த கிளப்பில் போட்டி நடந்தால் ஆரம்பத்தில் மைக்கில், செல்போனை சைலன்டில் போடுங்கள் என்று சொன்ன கையோடு, "மாப்பிள்ளைங்கள கோட்டுக்கு வெளிய உக்கார வைங்க" என்றும் சொல்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அது பிரெஞ்சு விதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் என்னை விடுவதில்லை. மாமா பழைய கயிற்றுக் காந்தத்துக்கே திரும்பிவிட்டார். அது இன்றுவரை கெடவில்லை. தடி நம் வீட்டு ஹாலில் திரைச்சீலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. பட்டனையும் விளக்கையும் உங்கள் அம்மா கழற்றச் சொன்னாள். கழற்றிவிட்டேன்.

இவ்வளவும் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது.

போட்டிக்கு மறுநாள் மத்தியானம், ஓட்டலில் சாப்பாட்டு நேரத்தில், நான் தனியாக அந்த மைதானத்துக்குப் போனேன். வெயிலில் ஒரு காக்காகூட இல்லை. நாற்காலிகளை எடுத்துப் போயிருந்தார்கள். தரையைப் பெருக்கவில்லை. அம்பயர் ஆணியால் கீறிய மூன்று கோடுகளும் மண்ணில் அப்படியே இருந்தன. பந்து உட்கார்ந்திருந்த சின்னக் குழிகளும் உள்ளே இருந்தன. ஓட்டல் டூல்ஸ் பையிலிருந்து டேப்பை எடுத்து, முட்டி போட்டு உட்கார்ந்து அளந்தேன். சந்தேகம் வந்து இன்னொரு தடவை அளந்தேன். அப்புறம் டேப்பை விட்டுவிட்டு நூல் வைத்துப் பார்த்தேன். மூன்று தடவையும் மாமாவின் பந்துதான் கிட்டே இருந்தது, ஒரு தீக்குச்சி கனத்துக்கு.

நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு, மாமா கண்ணில் படுவதற்கு முன்னால், வெறுங்காலால் அந்த மூன்று கோடுகளையும் தேய்த்து அழித்தேன்.